ஒரு சாண் மண்ணுல நிக்குற காடு

ஸ்லைடு, அதாவது மலையில மண்ணு சரிஞ்சுபோய்ப் பாறை மட்டும் தெரியுற சரிவு, அதுல ஏறிட்டு வந்து எழுதுறவங்க பெரும்பாலும் பாறையைப் பத்திதான் எழுதுவாங்க. எவ்வளவு சரிவு, எந்த எடத்துல கை ஊனி ஏறணும், மேல போய்த் திரும்பிப் பார்த்தா எத்தனை மலை தெரியுது, இதெல்லாம். போட்டோவும் அதையேதான் காட்டும், வெளுத்த பாறை, நீல வானம், நடுவுல சின்னதா ஒரு ஆள். அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் மலைகள்ல ஸ்லைடு ஏறினதுல என் மனசுல தங்கினது அந்தப் பாறைக்குக் கீழ வர்ற காடுதான், ட்ரெயிலை விட்டு எறங்கின நிமிஷத்துலேர்ந்து பாறையோட ஓரத்தைத் தொடுற வரைக்கும் இருக்கிற அந்த மூணு நாலு மணி நேரம். அதைப் பத்தி யாரும் அதிகமா பேசுறதில்ல, பேசினாலும் "செம கஷ்டம்"னு ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டுப் பாறைக்குப் போயிடுவாங்க. அந்தக் காட்டோட ஓரத்துல நான் பார்த்த ஒரு விஷயமும், அதனால கூட வந்தவங்களோட வந்த ஒரு வாக்குவாதமும் இன்னும் எனக்குள்ள அடங்கல, அதனாலதான் இதை எழுதுறேன்.

போனது மூணு பேர். இந்த மலைகளை எங்களுக்குப் பழக்கிவிட்ட ஒரு அண்ணன், என் சிநேகிதி, நான். எந்த மலை, எந்த ஸ்லைடுன்னு இங்க சொல்லப் போறதில்ல, காரணம் பின்னாடி வரும். அடிரான்டாக்ல உயரமான மலைங்க இருக்கிற ஹை பீக்ஸ் பகுதியில ஒரு மலை, அதோட கிழக்கு முகத்துல ஒரு பழைய ஸ்லைடு, அவ்வளவு தெரிஞ்சா போதும்.

ஸ்லைடு எப்படி வருதுன்னு இந்தப் பக்கம் நடக்கிற எல்லாருக்கும் தெரியும். பேய் மழை பெய்யுறப்ப சரிவுல இருக்கிற மண்ணு, மரம், கல்லு எல்லாம் மொத்தமா வழுக்கிக் கீழ போயிடும், போன எடத்துல பாறை மட்டும் நீளமா ஒரு பட்டையா தெரியும். 1963 ஜூன்ல ஜயன்ட் மலையில கொட்டின மழையில சரிஞ்சது ரூட் 73 வரைக்கும் வந்து ரோட்டையே மூடியிருக்கு. 1999-ல ஃப்ளாய்டு புயல் மவுண்ட் கோல்டன்ல புதுசா சரிவுகளை உண்டாக்குச்சு. 2011 ஆகஸ்ட் 28-ல ஐரீன் புயல் வந்தப்ப ஒரே நாள்ல இந்த மலைத்தொடர் முழுக்க அங்கங்க உரிஞ்சு போச்சு, சேடில்பேக், கோல்டன், வுல்ஃப்ஜா பக்கமெல்லாம் தூரத்துலேர்ந்து பார்த்தாலே தெரியும். புது ஸ்லைடுன்னா அடிவாரம் சுலபம், சரிஞ்சு வந்தது ஓடையையும் சேர்த்து அகலமா வழிச்சுட்டுப் போயிருக்கும், அதுக்குள்ளேயே ஏறிப் போயிடலாம். நாங்க போனது அப்படிப்பட்டதில்ல. கீழ்ப்பாதி முழுக்க மூடிருச்சு, ஓடைக்குள்ள மரம் குறுக்கும் நெடுக்குமா விழுந்து கெடக்கு, மேல ஆல்டர் புதர் மண்டிக் கெடக்கு. அதனால ஓடையை விட்டு விலகிப் பக்கத்து மேட்டுல ஏறி, ஸ்ப்ரூஸ்ங்கிற ஊசியிலை மரக் காட்டுக்குள்ள பூந்து, பாறை ஆரம்பிக்கிற எடத்துக்குப் பக்கவாட்டுல போய்ச் சேரணும்னு அண்ணன் மேப்ல பென்சில் கோடு போட்டு வச்சிருந்தார்.

ட்ரெயிலை விட்டு எறங்கின பிறகு

முதல் ஒரு மணி நேரம் ஏமாத்தும். ஹார்ட்வுட் காடு, மேப்பிள், பீச், மஞ்சள் பர்ச், மரத்துக்கு மரம் நல்லா எடம் விட்டு நிக்கும், வெளிச்சம் கீழ வரைக்கும் வரும், இதுக்குப் போயா இவ்வளவு பயமுறுத்தினாங்கன்னு தோணும். அங்க தொல்லை பண்றது ஹாபிள்புஷ் ஒண்ணுதான். அகலமான இலை, இடுப்பளவு உயரம், பார்க்க அழகாத்தான் இருக்கும், ஆனா அதோட கிளை வளைஞ்சு மண்ணைத் தொட்ட எடத்துலயே வேர் விட்டுரும், ரெண்டு முனையும் மண்ணுல இருக்கிற அந்த வளையம் இலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாது, அதுக்குள்ள கால் மாட்டுச்சுன்னா அப்படியே முன்னாடி விழ வேண்டியதுதான். காலை இழுத்து நடக்காம ஒவ்வொரு அடியும் மேல தூக்கி வைக்கணும். அதைப் பழகுறதுக்குள்ள தொடை கடுத்துப் போயிடும்.

2,500 அடி தாண்டினதும் மரம் மாற ஆரம்பிக்கும். பேப்பர் பர்ச் வரும், அதுக்கு நடுவுல ஃபர்ங்கிற இன்னொரு ஊசியிலை மரம் எட்டிப் பார்க்கும், கொஞ்ச நேரத்துல பர்ச் காணாம போய் ஸ்ப்ரூஸும் ஃபரும் மட்டும்தான். இங்கேர்ந்து கணக்கே வேற. மரம் ஒவ்வொண்ணும் மணிக்கட்டு தடிமன்தான் இருக்கும், ஆனா ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல ஒரு அடிகூட இருக்காது, அதுல கீழ்க்கிளையெல்லாம் வெளிச்சம் கெடைக்காம செத்துக் காய்ஞ்சு, ஒடிஞ்ச முனை சரியா கண்ணு உசரத்துல நீட்டிட்டு நிக்கும். கண்ணாடி போடாம உள்ள போகவே கூடாது, அதுல அண்ணன் ரொம்பக் கறார். வெயில் காலமானாலும் முழுக்கை சட்டை, கையில தோல் கிளவுஸ், பேக்பேக்ல வெளிய தொங்குற எதுவுமே இருக்கக் கூடாது, தண்ணி பாட்டில் முதக்கொண்டு எல்லாம் உள்ள. வெளிய இருக்கிறதைக் காடு ஒவ்வொண்ணா எடுத்துக்கும்.

இதுல விழுந்த மரங்கள் வேற. 1950 நவம்பர்ல அடிச்ச ஒரு பெரும் காத்துல அடிரான்டாக்ல லட்சக்கணக்கான ஏக்கர் காடு சாஞ்சிருக்கு, அப்ப சாஞ்ச எடத்துல வெளிச்சம் கெடைச்சு ஒரே நேரத்துல முளைச்ச மரங்கள்தான் இப்ப பல எடத்துல இவ்வளவு நெருக்கமா நிக்குதுன்னு அண்ணன் சொன்னார். அதுக்கப்புறமும் வருஷா வருஷம் விழுந்துகிட்டேதான் இருக்கு. விழுந்த மரத்து மேல இன்னொண்ணு, அதுமேல இன்னொண்ணு, எல்லாத்து மேலயும் பாசி. சில எடத்துல தரையைத் தொடாமலே மரத்துக்கு மரம் தாண்டிப் போனோம், தரை எவ்வளவு கீழ இருக்குன்னே தெரியாது. பாசி மூடின பெரிய கல்லுங்களுக்கு நடுவுல இடுப்பு வரைக்கும் போற பொந்து இருக்கும், வெயிட்டை முழுசா வைக்கிறதுக்கு முன்னாடி காலால தட்டிப் பார்த்து வைக்கணும். கால் மைல் போக ஒரு மணி நேரம் ஆகுறதெல்லாம் இங்க சாதாரணம்.

நான் முன்னாடி போற முறை வந்தப்ப, மரத்துக்கு நடுவுல எங்க சந்து தெரியுதோ அங்க போயிட்டே இருந்தேன், யாரா இருந்தாலும் அப்படித்தான் போவாங்க. பின்னாடிலேர்ந்து அண்ணன் குரல் வந்துச்சு. "சந்தைத் தேடாதம்மா, காம்பஸ் முள்ளைப் பாரு. இந்தக் காட்டுல சந்து எல்லாம் எறக்கத்தைப் பார்த்துத்தான் போகும், அது பின்னாடியே போனா திரும்பவும் ஓடையில கொண்டுபோய் விட்டுரும்." அது நிஜம். விலங்கு நடந்த தடமும் சரி, தண்ணி அரிச்ச எடமும் சரி, நமக்கு வேண்டிய திசையில இருக்காது. காம்பஸைப் பிடிச்சு, அந்தக் கோணத்துல தெரியுற ஏதாவது ஒரு மரத்தைக் குறி வச்சு, அது பத்தடி தூரத்துல இருந்தாலும் சரி, அங்க போய்ச் சேர்ந்து திரும்பப் பிடிக்கணும். இந்தப் பகுதியில காம்பஸ் முள்ளு நிஜ வடக்குக்குச் சுமார் 13 டிகிரி மேற்க தள்ளி நிக்கும், அதைச் சரிபண்ணாம மேப்ல அளந்த கோணத்தை அப்படியே வச்சு நடந்தா அரை மைல்ல 600 அடி வெலகிப் போயிடுவோம், ஸ்லைடு பல எடத்துல அதைவிட ஒடுக்கம். சிநேகிதி போன்ல நாங்க நடக்கிற வழியைக் கோடா பதிவு பண்ற ஜிபிஎஸ் ட்ராக் ஓடிட்டு இருந்துச்சு, எங்க இருக்கோம்னு அப்பப்ப சரிபார்க்க அது உதவுச்சு, ஆனா கையில போனை வச்சுக்கிட்டு அதைப் பார்த்து அந்தக் காட்டுக்குள்ள நகரவே முடியாது, ரெண்டு கையும் கிளையை விலக்கத்தான் வேணும்.

ஒரு எடத்துல மூச்சு வாங்க நின்னப்ப ஒரு பறவை குரல், மேல ஏறி வளைஞ்சு முடியுற மாதிரி ஒரு கீச்சு. பிக்நெல்ஸ் த்ரஷ்னு அண்ணன் சொன்னார். வடகிழக்கு மலைகள்ல உயரத்துல இருக்கிற இந்த மாதிரி அடர்ந்த ஃபர் காட்டுலதான் கூடு கட்டும், குளிர்காலத்துக்குப் பெரும்பாலும் கரீபியன்ல ஹிஸ்பானியோலா தீவுக்குப் போயிடும். நாங்க உள்ள போக முடியாம திணறுற இதே அடர்த்திதான் அதுக்கு வேணும். அந்த நேரத்துல எனக்கு அது ஒரு தகவல்தான், முட்டியில சிராய்ப்பு எரிஞ்சுகிட்டு இருந்துச்சு, கழுத்துக்குள்ள முழுக்க ஃபர் ஊசி. இன்னொண்ணும் அப்பக் கேட்டுச்சு. காலுக்கு அடியில தண்ணி ஓடுற சத்தம். ஓடை அங்கேர்ந்து ரொம்பத் தூரம், மழை பெஞ்சு நாளாச்சு, ஆனா பாசிக்குக் கீழ எங்கேயோ மெல்லிசா ஓடிட்டே இருந்துச்சு. காலையிலேர்ந்தே கேட்டுட்டுத்தான் இருந்திருக்கேன்.

ஓரம்

ஸ்லைடு வர்றதுக்கு முன்னாடி அறிவிப்பு எதுவும் கெடையாது. கிளைக்கு நடுவுல வெளிச்சம் கொஞ்சம் கூடுச்சு, அவ்வளவுதான், அடுத்த தள்ளுல என் தலை வெளிய வந்துருச்சு, உடம்பு இன்னும் மரத்துக்குள்ள. எதிர்ல அகலமா பாறை, மேல எங்கேயோ வரைக்கும் போகுது. சிநேகிதி கத்தினா, சந்தோஷத்துல. நான் வெளிய கால் வைக்கிறதுக்கு முன்னாடி கீழ பார்த்தேன், எறங்க எவ்வளவு ஆழம்னு தெரியணுமே, அப்பத்தான் நான் நின்னுகிட்டு இருந்த தரையோட வெட்டு முகத்தைப் பார்த்தேன்.

காடு அங்க கத்தியால அறுத்த மாதிரி முடிஞ்சுபோச்சு. மேல பச்சைப் பாசி. அதுக்குக் கீழ கருப்பா, ஈரமா, பாதி மக்கின ஃபர் ஊசியும் வேரும். அதுக்குக் கீழ உடனே பாறை. நடுவுல வேற எதுவுமே இல்ல, சரளை இல்ல, செம்மண்ணு இல்ல. பாறையில எறங்கி நின்னு கையை விரிச்சு அந்த வெட்டுல வச்சுப் பார்த்தேன், கட்டை விரல் பாறையைத் தொட்டுச்சு, சுண்டு விரல் பாசியைத் தொட்டுச்சு. ஒரு சாண். அந்த ஒரு சாண் மேல இருபதடி மரம் நெருக்கமா நிக்குது. கொஞ்ச தூரம் ஓரமாவே நடந்து பார்த்தேன், சில எடத்துல முழங்கை ஆழம் இருந்துச்சு, பள்ளமான ஒரு எடத்துல பனியுகத்துப் பனிப்பாறை விட்டுட்டுப் போன கல்லும் மண்ணும் கலந்து ஒரு ஆள் உயரம்கூட இருந்துச்சு, ஆனா பெரும்பாலான எடத்துல அதே சாண்தான். பாறைக்கும் அந்தக் கருப்பு மண்ணுக்கும் நடுவுல தண்ணி கசிஞ்சு வந்துகிட்டே இருந்துச்சு. காலையிலேர்ந்து காலுக்கடியில கேட்ட சத்தம் இதுதான்னு அப்பத்தான் புரிஞ்சுது. பாசிக்கு அடியில தண்ணி நேரா பாறை மேலயே ஓடிட்டு இருந்திருக்கு.

வர்ற வழியில விழுந்த மரங்களோட வேர்ப்பக்கத்தை எத்தனை எடத்துல பார்த்துகிட்டு வந்தேன். செங்குத்தா நிமிந்து நிக்கும், அகலமா, ஆனா தட்டையா. கீழ எறங்குற ஆணிவேரே இருக்காது, எல்லா வேரும் பக்கவாட்டுல பரவியிருக்கும், அது பேர்ந்து வந்த எடத்துல வெளுத்த பாறை தெரியும். அதையெல்லாம் தாண்டிப் போக வேண்டிய தடங்கலா மட்டும்தான் பார்த்துகிட்டு வந்தேன், வெட்டு முகத்தைப் பார்த்த பிறகுதான் அது ஒவ்வொண்ணும் என்ன சொல்லுதுன்னு சேர்த்துப் பார்க்க முடிஞ்சுது. இந்த மரங்க மண்ணைப் பிடிச்சுகிட்டு நிக்கல, ஒண்ணோட வேரை ஒண்ணு பிடிச்சுகிட்டு நிக்குது. மொத்தக் காடும் பாறை மேல விரிச்ச ஒரு ஜமுக்காளம். மழை அளவுக்கு மீறிப் பெய்யுறப்ப அந்த மண்ணு முழுக்க ஊறி வெயிட் ஏறும், அடியில பாறை மேல ஓடுற தண்ணி வெளிய போக வழியில்லாம மேல பார்த்து அழுத்தும், பிடிப்பு போயிடும், ஒரு எடத்துல கிழிஞ்சா கீழ இருக்கிறதையெல்லாம் சுருட்டிகிட்டு எறங்கிரும். நான் நின்ன பாறை அப்படிச் சுருட்டிகிட்டுப் போன எடம்.

அந்தப் பாறை அனார்த்தசைட், வயசு நூறு கோடி வருஷத்துக்கு மேல. நிலாவுல வெளுப்பா தெரியுற மேட்டுப் பகுதியும் இதே வகைப் பாறைதான். பனிப்பாறைங்க இங்கேர்ந்து விலகிச் சுமார் 12,000 வருஷம் ஆகுது, அதுக்கப்புறம் பாசி வந்து, பாசி மேல செடி வந்து, அந்தக் குளிர்ல லேசுல மக்காத ஊசி இலை ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து சேர்ந்ததுதான் அந்த ஒரு சாண். என்னை மணிக்கணக்கா தடுத்து, கிழிச்சு, தள்ளிவிட்ட காடு அது. அவ்வளவு பலமான ஒண்ணுன்னு உடம்பெல்லாம் நம்பிகிட்டு வெளிய வந்த எனக்கு, அதுக்கு அடியில இவ்வளவுதான்னு பார்த்தப்ப என்ன பண்றதுன்னே தெரியல. கொஞ்ச நேரம் அங்கேயே உக்காந்துட்டேன். "என்னம்மா, முடியலையா"ன்னு அண்ணன் கேட்டார். மண்ணைக் காட்டினேன். அவர் பலமுறை பார்த்திருப்பார் போல, தலையை மட்டும் ஆட்டினார்.

அதுக்கப்புறம் பாறை ஏறினதைப் பத்தி அதிகம் சொல்றதுக்கில்ல. காய்ஞ்ச பாறை, பூட்ஸ் நல்லா பிடிச்சுது, கருப்பா கோடு கோடா இருக்கிற எடத்துல மட்டும் ஈரம் பட்டா வழுக்கும்னு அதைத் தவிர்த்துப் போனோம். ஹெல்மெட் போட்டுகிட்டு, ஒருத்தருக்கு நேர் கீழ இன்னொருத்தர் வராம பக்கவாட்டுல தள்ளித் தள்ளி ஏறினோம். மேல கடைசிச் செங்குத்தைச் சுத்திப் போய், குட்டையா முறுக்கிக் கெடக்கிற ஃபர் புதருக்குள்ள இன்னொரு அரை மணி நேரம் மல்லுக்கட்டி, உச்சிக்குப் பக்கத்துல ட்ரெயில்ல போய் விழுந்தோம். ட்ரெயில்ல கால் வச்சதும் கண்ணு தானா தரையைத்தான் பார்த்துச்சு. அங்க பாதை முழுக்க வெறும் பாறை. அந்த ஒரு சாணை நடந்து நடந்தே எல்லாரும் கீழ அனுப்பிட்டாங்க.

ட்ராக்

எறங்கி வந்து கார்ல ஏறி போன்ல சிக்னல் வந்ததும் சிநேகிதிக்கு ஒரு மெசேஜ். எங்களுக்குப் பழக்கமான ஒரு தம்பி. "அக்கா, ட்ராக் ரெக்கார்ட் பண்ணீங்கதானே? அனுப்புங்களேன். அடுத்த வாரம் நாங்க அஞ்சு பேர் போலாம்னு இருக்கோம்." அவ அனுப்பப் போனா. நான் வேணாம்னு சொன்னேன். வீடு வரைக்கும் அதான் பேச்சு.

அண்ணன் அனுப்பணும்னு சொன்னார், அவர் சொன்னதுல எதையும் என்னால லேசா ஒதுக்க முடியல. முதல்ல பாதுகாப்பு. இந்த மாநிலத்துல ஃபாரஸ்ட் ரேஞ்சர்ஸ் வருஷத்துக்கு 300-க்கு மேல தேடுதல், மீட்பு வேலை பார்க்குறாங்க, ஸ்ப்ரூஸுக்குள்ள ராத்திரி மாட்டிகிட்ட ஒருத்தரைத் தேடுறது எவ்வளவு கஷ்டம்னு இன்னைக்கு அதுக்குள்ள இருந்துட்டு வந்த நமக்குத் தெரியாதான்னு கேட்டார். ரெண்டாவது, இது பொது நிலம், 1894-லயே இந்தக் காட்டை என்னைக்கும் காடாவே வச்சிருக்கணும்னு நியூயார்க் மாநில அரசியல் சாசனத்துல எழுதி வச்சிருக்காங்க, அது எல்லா ஜனத்துக்கும் சொந்தம், எனக்குத் தெரிஞ்ச வழியை இன்னொருத்தனுக்குச் சொல்ல மாட்டேன்னு சொல்ல நான் யாருன்னார். மூணாவதுதான் என்னைக் குத்துச்சு. "இங்க மூணு தலைமுறையா இருக்கிறவனுக்கு அவங்கப்பா சொல்லிக் குடுப்பாரு, அவங்க மாமா கூட்டிட்டுப் போவாரு. நமக்கு யாரு இருந்தா? எவனோ எழுதிப் போட்டதைப் படிச்சுத்தானே நானே கத்துகிட்டேன். அந்தப் பையனுக்கு மட்டும் கதவைச் சாத்தணுமா?"

இதுக்கு என்கிட்ட முழுசா பதில் இல்ல. ஆனா எனக்குத் தெரிஞ்ச ஒரு கதை இருக்கு. ராபர்ட் மார்ஷல், அவர் தம்பி ஜார்ஜ், வழிகாட்டி ஹெர்பர்ட் கிளார்க் மூணு பேரும் அடிரான்டாக்கோட உயரமான 46 மலையையும் 1925-ல ஏறி முடிச்சாங்க, அதுல நிறைய மலைக்கு அப்ப ட்ரெயிலே கெடையாது. பின்னாடி அந்த 46-ஐயும் ஏறுறது ஒரு பட்டியலா ஆச்சு. ட்ரெயில் இல்லாத ஏறக்குறைய 20 உச்சியில கையெழுத்துப் போட டப்பா வச்சாங்க. ஜிபிஎஸ் இல்லாத காலம், ஆளாளுக்கு மேப்பைப் பார்த்து ஏறினாங்க, ஆனா எல்லாருக்கும் அதே டப்பாதான் இலக்கு. அம்பது அறுபது வருஷத்துல அந்த மலைங்களோட உச்சிப் பக்கம் முழுக்கத் தடம் தடமா பிரிஞ்சு, சேர்ந்து, திரும்பப் பிரிஞ்சு, ஒரு மலைக்கு இத்தனை பாதைன்னு ஆயிடுச்சு. கடைசியில டப்பாவை எடுத்துட்டு, மலைக்கு ஒரு தடம்னு தேர்ந்தெடுத்து மத்ததை மரம் போட்டு மூடி, அந்த ஒண்ணைத் தன்னார்வலர்கள் பராமரிக்கிற நிலைமை வந்துச்சு. இப்ப "ட்ரெயில் இல்லாத" மலைங்கள்ல நடக்கிற பாதை இதான்.

அண்ணன் உடனே அதையே பிடிச்சுகிட்டார். "அப்ப ஒரே ட்ராக்கைக் குடுத்தா எல்லாரும் ஒரே தடத்துல போவாங்க, மத்த எடம் தப்பிக்கும். நீ சொல்றதுதானே?" நல்ல கேள்வி. நடக்கிற ஆள் நிறைய இருந்தா ஒரே கோட்டுல நடக்க வைக்கிறதுதான் சரி, நாலஞ்சு பேர்னா ஒவ்வொருத்தரும் வேற வேற கோட்டுல பரவிப் போறதுதான் சரி, இதை மலையில வேலை பார்க்குற எல்லாரும் சொல்லுவாங்க. ஆனா நிறைய பேர் நடக்கிற கோட்டுக்கு ஆள் வேணும், தண்ணி வெளிய போகக் கல்லு அடுக்கணும், அரிச்ச எடத்தை அடைக்கணும், விழுந்த மரத்தை அனுமதியோட அறுக்கணும். இந்த ஸ்லைடுக்கு அப்படி யாரும் கெடையாது. ட்ராக்கைப் போட்டுட்டா, நாலு பேர் போற எடத்தை நாப்பது பேர் போற எடமா மாத்திடறோம், அதைப் பராமரிக்கிறதா யாரும் ஒத்துக்காமலே. அதுவும் நாங்க நடந்த கோடு சரிவுக்கு நேரா மேல ஏறுது. மூணு பேர் மிதிச்ச பாசி ஒரு வருஷத்துல எழுந்துக்கலாம். அதே கோட்டுல முப்பது பேர் மிதிச்சா பாசி போயி வேர் தெரியும், மழைத்தண்ணி அந்தத் தடத்தையே வழியா பிடிச்சுக்கும், ஒரு சாணை அரிச்சுப் பாறையைத் தொட அதுக்கு எவ்வளவு நாளாகும்? ஏற்கெனவே ஒரு பக்கம் கிழிஞ்ச காட்டோட ஓரத்துல, மேலேர்ந்து கீழ வரைக்கும் இன்னொரு கிழிசலை நாமளே ஆரம்பிச்சு வைக்கணுமா? அந்த த்ரஷ் கூடு கட்டுறதும் அதே மரத்துலதான், அதே ஜூன் ஜூலையிலதான்.

சிநேகிதி இன்னொண்ணு சொன்னா, அது என் பக்கமும் இல்ல, அண்ணன் பக்கமும் இல்ல. உச்சிகள்ல இருக்கிற, உயரத்துல மட்டும் வளர்ற ஆல்பைன் செடிங்க 1960, 70-கள்ல மிதிபட்டு அழிஞ்சுகிட்டு இருந்தப்ப, எட்வின் கெச்லெட்ஜ்னு ஒரு தாவரவியல் பேராசிரியர், மண்ணு போன எடத்துல புல் விதைச்சு, அந்தப் புல் மண்ணைப் பிடிச்சு வச்ச பிறகு பழைய செடிங்க தானா திரும்ப வர்றதைச் செஞ்சு காட்டினார். மலை ஏறுறவங்களே விதையும் உரமும் சுமந்து கொண்டுபோய் உதவியிருக்காங்க. 1989-லேர்ந்து உச்சியில ஸ்டூவர்ட்ஸ்னு சொல்ற பாதுகாவலர்கள் நின்னு, வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் பாறை மேல மட்டும் கால் வைங்கன்னு சொல்லிட்டு இருக்காங்க, செடியும் திரும்ப வந்திருக்கு. "ஜனங்களுக்குக் காரணத்தைச் சொன்னா கேக்குறாங்கடி. நீ சொல்லாம மறைக்கிறதைப் பத்தி மட்டுமே பேசுற"ன்னா. நான் மறைக்கணும்னு நினைக்கல. அந்த வெட்டு முகத்தை எல்லாரும் பார்க்கணும்னுதான் ஆசை. கோட்டை மட்டும் குடுக்க வேணாம்னு சொல்றேன், கோட்டைப் பிடிச்சுகிட்டு வர்றவங்க காட்டைப் பார்க்கத் தேவையே இருக்காது, ஸ்க்ரீனைப் பார்த்தா போதும்.

ட்ராக் அவளோடது, முடிவும் அவளோடது. அவ கோட்டை அனுப்பல. எந்த எடத்துல ட்ரெயிலை விடணும், ஓடை ரெண்டா பிரியுற எடத்துல எந்தப் பக்கம், எத்தனை அடி உயரத்துல மேட்டுலேர்ந்து பக்கவாட்டுல திரும்பணும், எத்தனை மணிக்கு மேல திரும்பி வந்துரணும், இதை எழுதி அனுப்பினா, கூடவே நான் எடுத்த அந்த ஒரு சாண் மண்ணோட போட்டோவும். அண்ணனுக்கு அது பிடிக்கல, அரைகுறை உதவி ஆபத்துன்னார். அந்தத் தம்பிங்க அஞ்சு பேரும் போனாங்க. ஸ்ப்ரூஸுக்குள்ள நேரம் ஓடிப்போச்சு, எழுதிக் குடுத்த மணி வந்ததும் திரும்பிட்டாங்க, பாறையைத் தொடவே இல்ல. நல்லபடியா வெளிய வந்தாங்க, ஆனா மெசேஜ் அனுப்பின அந்தத் தம்பியோட குரல்ல இருந்த வருத்தம் எனக்குக் கேட்டுச்சு, "ட்ராக் இருந்திருந்தா போயிருப்போம் அக்கா"ன்னான். இருந்திருந்தா போயிருப்பாங்கதான். அதை நான் மறுக்கல. அவங்களுக்கு ஒரு சனிக்கிழமை போச்சு, அந்த நஷ்டம் நிஜமான நஷ்டம், அதுல என் வார்த்தைக்கும் பங்கு இருக்கு. அப்படியும் திரும்பவும் கேட்டா அதையேதான் சொல்லுவேன்.

ஒண்ணு மட்டும் செய்யலாம்னு தோணுச்சு. அண்ணன் எங்களுக்கு எந்த ஃபைலும் குடுத்ததில்ல, கூட்டிட்டுப் போனார், பின்னாடி நின்னுகிட்டு முள்ளைப் பாருன்னு கத்தினார். அவரு சொன்ன அந்த அப்பாவும் மாமாவும் செய்யுற வேலையைத்தான் அவரு எங்களுக்குச் செஞ்சார், அதைச் சொன்னப்ப முதல் தடவையா எதிர்த்துப் பேசாம இருந்தார். அந்தத் தம்பிகிட்ட செப்டம்பர்ல நானே கூட வர்றேன்னு சொல்லியிருக்கேன், குஞ்சு பொரிச்சுப் பறந்துபோன பிறகு, நாங்க முன்ன போன கோட்டை விட்டு நல்லா தள்ளி வேற கோட்டுல. என்னையும் சேர்த்து நாலு பேருக்கு மேல வேணாம்னும் சொன்னேன். அவங்க அஞ்சு பேர். யாரு நிக்கிறதுன்னு அவங்களுக்குள்ள பேசிட்டு இருக்காங்க. அப்ப ரெண்டு குழுவா பிரிஞ்சு வேற வேற நாள்ல போங்க, ஒண்ணுக்கு நான் வர்றேன்னு அண்ணன் சொல்றார், ரெண்டு குழுன்னா ரெண்டு கோடு ஆகும், அது பரவுறதா இல்ல பெருகுறதான்னு சிநேகிதி கேக்குறா. இன்னும் பேசிட்டுத்தான் இருக்கோம்.